அமெரிக்க அக்டோபர்: பரங்கித் தோட்டத்தில் கட்டுகிற காசு எங்கே போகிறது?

செப்டம்பர் பாதியில் தொடங்கி நவம்பர் முதல் வாரம் வரை, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மாசசூசெட்ஸ் பக்கம் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் ஒரே பேச்சுதான்: நாளைக்கு எங்கே போகலாம். ஆப்பிள் பறிக்கவா, பரங்கிக்காய் எடுக்கவா, மலைப்பக்கம் நிறம் மாறுகிற இலை பார்க்கவா, இல்லை பிள்ளைகளை யார் வீட்டிலாவது விட்டுவிட்டு, பயமுறுத்துவதற்கென்றே டிக்கெட் போட்டு நடத்துகிற பேய் வீட்டுக்கு ராத்திரி போகவா. ஊரிலிருந்து வந்திருக்கிற அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் தோட்டத்து வாசலிலேயே கேள்வி வந்துவிடும்: "கடையில நாலஞ்சு டாலருக்குக் கிடைக்கிற காய்க்கு, ஆளுக்கு இவ்வளவு கட்டி உள்ளே போகணுமாப்பா?"

நியாயமான கேள்விதான். நுழைவு, வைக்கோல் வண்டிச் சவாரி, சோளக்கொல்லைப் புதிர்வழி, ஒரு பை ஆப்பிள், டோனட், சைடர் என்கிற ஆப்பிள் சாறு என்று நாலு பேர் குடும்பம் ஒரே மதியத்தில் நூறு டாலரைத் தாண்டுவது சாதாரணம். என் பதில் இது: அந்தக் காசில் காயின் விலை கொஞ்சம்தான், மிச்சம் அந்த நிலம் அடுத்த வருஷமும் விளைநிலமாக இருப்பதற்குப் போகிறது. ராத்திரி நிகழ்ச்சிகளில் கட்டுகிற காசும் பல இடங்களில் இப்படித்தான், ஏதோ ஒரு பழைய கட்டடத்தையோ சிறிய ஊரையோ தாங்கிக்கொண்டிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால் எந்த இடத்துக்குப் போவது, எந்த வாரம் போவது, எதில் செலவு செய்வது எல்லாமே வேறு மாதிரி தெரியும்.

வைக்கோல் கட்டு, சோளத்தட்டை, பழைய டிராக்டர் எல்லாம் சேர்ந்து பார்க்கிறவர்களுக்கு இது ஏதோ முந்நூறு வருஷத்து அறுவடைத் திருவிழா மாதிரி தோன்றும். உண்மையில் இதில் பெரும்பாலானவை நம் அப்பா காலத்தில் வந்தவை, சில நம் காலத்திலேயே வந்தவை. அமெரிக்காவில் விளைகிற ஆப்பிளில் பாதிக்கு மேல் மேற்குக் கோடியில் இருக்கிற வாஷிங்டன் மாநிலத்தில் விளைகிறது. பெரிய பெரிய தோப்புகள், பாசன வசதி, மாதக்கணக்கில் பழத்தை வைத்திருக்கும் குளிர்பதனக் கிடங்குகள். வடகிழக்கில் முப்பது ஏக்கர், ஐம்பது ஏக்கர் வைத்திருக்கிற குடும்பம் அதே பழத்தை மொத்த வியாபாரிக்குப் போட்டால் பறிக்கிற கூலிக்கும் பெட்டிக்கும் லாரிக்குமே சரியாகப் போய்விடும். அதே குடும்பம் தோப்பின் கதவைத் திறந்து, நீங்களே பறித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் கூலி மிச்சம், பெட்டி மிச்சம், லாரி மிச்சம். விலையும் சில்லறை விலை. பறிப்பதற்கு ஆள் கிடைக்காத காலத்தில் பிழைப்புக்காகப் பிடித்துக்கொண்ட வழி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடும்பங்களின் வழக்கமாகிவிட்டது.

கணக்கும் இதைத்தான் காட்டுகிறது. அமெரிக்க வேளாண் துறை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கிற கணக்கெடுப்பில், பண்ணைச் சுற்றுலா மூலம் விவசாயிகளுக்கு வந்த வருமானம் 2012-ல் சுமார் 70 கோடி டாலர், 2017-ல் சுமார் 95 கோடி, 2022-ல் சுமார் 126 கோடி. ஆனால் இந்த வருமானம் வருகிற விதம் கொடூரமானது. ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், ஆகமொத்தம் பன்னிரண்டு நாள். அதில் நாலு நாள் மழை பெய்தால் சீசனில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. நம் ஊரில் பட்டாசுக் கடைக்காரர் தீபாவளிக்கு முந்தின வாரம் வானத்தைப் பார்ப்பாரே, அந்தப் பார்வைதான் இங்கே தோப்புக்காரர்களுக்கு அக்டோபர் முழுவதும்.

மழை மட்டும் இல்லை. 2023 மே 18 விடியற்காலையில் வடகிழக்கில் கடும் உறைபனி விழுந்தது. ஆப்பிள் அப்போதுதான் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருந்த நேரம். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷைர், நியூயார்க்கின் வடபகுதி என்று பல தோப்புகளில் ஒரே ராத்திரியில் அந்த வருஷத்துப் பழம் கருகிவிட்டது. அந்தச் செப்டம்பரில் சில தோப்புகள் பறிப்பதற்கே திறக்கவில்லை, சில தோப்புகள் பழம் இல்லாமலே வண்டி ஓட்டி, டோனட் போட்டு, கடையை மட்டும் நடத்தின. மரத்தில் ஒன்றும் இல்லாத வருஷத்தில் தோப்பைக் காப்பாற்றியது டோனட்டும் வைக்கோல் வண்டியும்தான் என்றால், அதையெல்லாம் வெறும் வேடிக்கை என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

நியூ ஜெர்சி மாதிரி இடத்தில் இன்னொரு நெருக்கடி வீட்டு மனை. பண்ணைக்குப் பக்கத்து நிலம் வீடாகவும் சரக்குக் கிடங்காகவும் மாறிக்கொண்டே இருக்கும்போது விற்றுவிட்டுப் போவதுதான் சுலபம். விவசாயம் நடக்கிற நிலத்துக்கு வரியைக் குறைக்கும் சட்டம் இங்கே 1964-லேயே வந்தது. 1980களில் தொடங்கிய திட்டத்தின்படி, நிலத்தில் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் அரசு காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, நிலத்தை விவசாயியிடமே விட்டுவிடுகிறது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் இப்படிப் பாதுகாத்திருக்கிறார்கள். ஆனால் சட்டம் நிலத்தைத்தான் காக்கும். அதில் விவசாயம் பார்த்து ஒரு குடும்பம் பிழைக்க வேண்டுமே, அதற்கு அக்டோபர் சனிக்கிழமை வேண்டும்.

சரி, ஆப்பிள் பறிக்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை. எல்லா ரகமும் ஒரே நேரத்தில் பழுக்காது. ஹனிகிரிஸ்ப் செப்டம்பரிலேயே வந்துவிடும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1991-ல் வெளியிட்ட ரகம், கடித்தால் நொறுங்கும், எல்லாருக்கும் பிடிக்கும், அதனால் அக்டோபர் நடுவில் போனால் அது பெரும்பாலும் தீர்ந்திருக்கும். மெக்கின்டாஷும் செப்டம்பர் ரகம்தான். ஃபியூஜி, கிரானி ஸ்மித் எல்லாம் அக்டோபரின் பின்பாதி. தொக்கு போடுகிற வீட்டுக்காரர்கள் கிரானி ஸ்மித்துக்குக் காத்திருப்பார்கள், அந்தப் புளிப்பு மாங்காய்க்குப் பதில் சொல்லும். பறிக்கும்போது இழுக்கக் கூடாது. பழத்தை உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கித் தூக்கி லேசாகத் திருகினால் காம்போடு கையில் வந்துவிடும். இழுத்தால் பழம் நிற்கிற குட்டைக் கிளை முறியும், அடுத்த வருஷம் பூக்கிற மொட்டு அதில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தரவேண்டியது இதைத்தான். 'பெக்' என்று எழுதியிருக்கிற பை கிட்டத்தட்ட நாலரை கிலோ பிடிக்கும், நாலு பேருக்கு ஒன்று தாராளம்.

சைடர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் சைடர் என்று மட்டும் சொன்னால் வடிகட்டாத ஆப்பிள் சாறு. 'ஹார்ட்' என்று முன்னால் இருந்தால்தான் மது. 1996-ல் பதப்படுத்தாத ஆப்பிள் சாற்றால் பலருக்கு ஈ.கோலை கிருமித் தொற்று வந்து ஒரு குழந்தை இறந்த பிறகு, பாஸ்டரைஸ் செய்யாத, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்காத, சாற்றுப் புட்டியில் எச்சரிக்கை அச்சிடவேண்டும் என்று 1998-ல் விதி வந்தது. சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருந்தால் வாங்குவதற்கு முன் அந்த வரியைப் பாருங்கள், புட்டி இல்லாமல் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தால் கேளுங்கள். சைவக்காரர்களுக்கு இன்னொன்று: இந்தச் சாறு சேர்த்துச் செய்கிற சைடர் டோனட்டில் பெரும்பாலும் முட்டை இருக்கும்.

அடுத்தது பரங்கி. தோட்டத்தில் குவித்து வைத்திருக்கிற அந்த உருண்டையான ஆரஞ்சுக் காயைப் பார்த்ததும் சாம்பாருக்கு ஆகுமே என்று தோன்றும், நம் வீடுகளில் ஒவ்வொரு வருஷமும் யாராவது செய்து பார்க்கிறார்கள். வேண்டாம். அது செதுக்குவதற்கென்றே தேர்ந்தெடுத்த ரகம். மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹௌடன் உருவாக்கிய ஹௌடன் ரகம்தான் இந்தக் காய்கள் பலவற்றுக்கு முன்னோடி: நிமிர்ந்து நிற்கிற தடித்த காம்பு, தூக்கினால் உடையாத ஓடு, ஒரே சீரான நிறம். சதை நாராக, தண்ணியாக, ருசியில்லாமல் இருக்கும். டப்பாவில் வருகிற பரங்கி விழுதோ வேறு காய். இலினாய் மாநிலத்தில் மார்ட்டன் என்ற சிற்றூரைச் சுற்றி விளைகிற டிக்கின்சன் ரகம், வெளிறிய சந்தன நிறத்தில் நீளவாக்கில் இருக்கும்; தாவர இனப்படி அது நம் ஊர்ப் பரங்கிக்காயின் சொந்தம். கூட்டும் புளிக்குழம்பும் வேண்டும் என்றால் அதே தோட்டத்துக் கடையில் பட்டர்நட் என்கிற பரங்கி இருக்கும், அதை வாங்குங்கள். அதுவும் அதே இனம்தான், ருசி ஏமாற்றாது.

மக்காச்சோளக்கொல்லைக்குள் வழி வெட்டி, மேலிருந்து பார்த்தால் ஒரு உருவம் தெரிகிற மாதிரி செய்கிற புதிர்வழிக்கு வயது வெறும் முப்பது சொச்சம். 1993-ல் பென்சில்வேனியாவின் ஆன்வில் ஊரில், நாடகத் தயாரிப்பாளர் டான் ஃப்ரான்ட்ஸும் இங்கிலாந்தைச் சேர்ந்த புதிர்வழி வடிவமைப்பாளர் அட்ரியன் ஃபிஷரும் சேர்ந்து டைனோசர் உருவத்தில் வெட்டியதுதான் இன்றைக்கு நாடு முழுக்கப் பார்க்கிறவற்றுக்கெல்லாம் தொடக்கம். செய்வதில் நுட்பம் இருக்கிறது. சாதாரணமாக விதைப்பதைவிடத் தாமதமாக விதைப்பார்கள், அப்போதுதான் அக்டோபரில் தட்டை காயாமல் நிற்கும்; நெடுக்கிலும் குறுக்கிலும் இரண்டு தடவை விதைப்பார்கள், சுவர் மாதிரி அடர்த்தியாக வரவேண்டும் என்று. பயிர் முழங்கால் உயரம் வரும்போதே ஜிபிஎஸ் வைத்து வழியை வெட்டிவிடுவார்கள். சீசன் முடிந்ததும் நிற்கிற சோளத்தை அறுவடை செய்து மாட்டுத் தீவனமாக்கலாம், நிலம் வீணாவதில்லை. கலிஃபோர்னியாவின் டிக்சனில் 2014-ல் 60 ஏக்கரில் வெட்டி கின்னஸ் சாதனை படைத்தார்கள், அதில் வழி தெரியாமல் அவசர உதவி எண் 911-ஐ அழைத்தவர்கள்கூட உண்டு. சின்னப் பிள்ளைகளோடு போனால் மதியத்திலேயே நுழைந்துவிடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே கழிப்பறை கிடையாது.

இலை பார்க்கப் போவது இவை எல்லாவற்றுக்கும் மூத்தது, ரயில் காலத்திலிருந்தே உண்டு. ராத்திரி நீள ஆரம்பித்ததும் மரம் பச்சையம் தயாரிப்பதை நிறுத்திவிடும், இருந்த பச்சையமும் சிதையும். மஞ்சளும் ஆரஞ்சும் கோடை முழுக்க இலைக்குள் இருந்தவைதான், பச்சை விலகியதும் வெளியே தெரிகின்றன. சிவப்பு அப்படி இல்லை. இலையில் தேங்கிய சர்க்கரையைக் கொண்டு மரம் அந்த நேரத்தில் புதிதாகச் செய்கிற ஆந்தோசயனின் என்ற நிறமி அது. பகலில் நல்ல வெயில், ராத்திரியில் குளிர் ஆனால் உறைபனி இல்லை என்ற நாட்கள் தொடர்ந்து வந்தால்தான் அந்தச் சிவப்பு கொழுந்துவிட்டு எரிகிற மாதிரி தெரியும். எல்லா மரமும் ஒரே அளவில் சிவப்பைச் செய்யாது; சுகர் மேப்பிள் மரங்கள் நிறைந்த வெர்மான்ட்டும் நியூ ஹாம்ப்ஷைரும் சிவப்புக்குப் பேர் வாங்கியதும், ஆஸ்பென் மரக் காடுகளான கொலராடோ பெரும்பாலும் தங்க மஞ்சளோடு நின்றுவிடுவதும் இதனால்தான். காலமும் வடக்கிலிருந்து தெற்கே இறங்கும்: வெர்மான்ட்டின் வடபகுதியில் செப்டம்பர் கடைசி, மாசசூசெட்ஸ் பக்கமான தெற்கு நியூ இங்கிலாந்தில் அக்டோபர் நடுப்பகுதி, நியூ ஜெர்சியில் அக்டோபர் கடைசி, வட கரோலினா மலைகளில் நவம்பர் தொடக்கம் வரை. ஒரு வாரம் தவறிவிட்டால் கவலை வேண்டாம், இன்னும் நூறு மைல் தெற்கே போனால் போதும்.

ஆனால் எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு ஒரே இடத்துக்குப் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வெர்மான்ட்டின் பாம்ஃப்ரெட்டில் ஒரு தனியார் பண்ணை வீடு இன்ஸ்டாகிராமில் பரவி, குறுகலான மண்சாலை முழுக்கக் கார்கள், வேலி தாண்டிப் படம் எடுக்கிறவர்கள் என்று ஆகி, 2023 முதல் சீசன் நேரத்தில் அந்தச் சாலையை வெளியாட்களுக்கு மூடவேண்டியதாகிவிட்டது. அங்கே போனவர்களால் அந்த ஊருக்கு ஒரு டாலர்கூட மிஞ்சவில்லை, புழுதிதான் மிஞ்சியது. அதற்கு மறுபக்கம் வட கரோலினாவின் மலை ஊரான ஆஷ்வில். 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் வட கரோலினா மலைகளை அடித்துப்போட்டது. ப்ளூ ரிட்ஜ் பார்க்வே சாலை பல இடங்களில் அறுந்துபோனது. அக்டோபர்தான் அந்தப் பக்கத்து விடுதிகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கைவினைஞர்களுக்கும் உச்ச மாதம், அந்த மாதமே இல்லாமல் போய்விட்டது. அந்த ஊர்கள் பக்கம் போகிறவர்கள் ஒரு ராத்திரி தங்குங்கள், உள்ளூர்க் கடையில் சாப்பிடுங்கள். பெட்ரோல் மட்டும் போட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

இனி ராத்திரி, பெரியவர்களின் பக்கம். அக்டோபர் 31-ல் வருகிற ஹாலோவீனின் வேர் அயர்லாந்தில் இருக்கிறது. குளிர்காலம் தொடங்குகிற சாம்ஹைன் நாளில் ஆவிகள் உலாவும் என்ற நம்பிக்கை. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கப்பலேறி வந்தவர்கள் அந்த வழக்கத்தையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள், அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு இங்கே பரங்கி கிடைத்தது. 1920, 30களில் ஹாலோவீன் ராத்திரி என்றால் வாலிபப் பையன்கள் கண்ணாடி உடைப்பதும் வேலியைப் பிடுங்குவதுமாக இருந்ததால், அவர்களை அடக்க ஊர்க்காரர்கள் நிலவறையில் பயமுறுத்தும் பாதைகள் அமைத்தார்கள். பேய் வீட்டின் தொடக்கம் அது. 1970களில் அதை நாடு முழுக்கப் பரப்பியவர்கள் ஜேசீஸ் என்ற இளைஞர் சேவை அமைப்பினர், நம் ஊர்களிலும் இருக்கிற அதே அமைப்புதான், நல்ல காரியங்களுக்கு நிதி திரட்டுவதற்காக.

பேய் வீட்டுக்குள் நுழையும்போது கூரையைப் பாருங்கள், தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் இருக்கும். 1984 மே 11 அன்று நியூ ஜெர்சியின் ஜாக்சனில், சிக்ஸ் ஃபிளாக்ஸ் கேளிக்கைப் பூங்காவில் இருந்த பேய்க் கோட்டை தீப்பிடித்து எட்டு இளம்பிள்ளைகள் இறந்தார்கள். டிரெய்லர்களை இணைத்துக் கட்டிய அந்த இடத்தில் ஸ்பிரிங்க்ளர் இல்லை. இருட்டும் புகையும் திசை குழப்புகிற பாதையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நாடே பார்த்தது, அதன் பிறகுதான் இப்படிப்பட்ட கட்டடங்களுக்கென்று தனியாகத் தீ விதிகள் இறுகின. இதனால் நான் சொல்வது, ஊர் அனுமதி வாங்கி, வெளியேறும் வழி குறித்து வைத்திருக்கிற இடத்துக்கு மட்டும் போங்கள். யாரோ பழைய கொட்டகையில் நடத்துகிறார்கள், டிக்கெட் மலிவு என்றால் விட்டுவிடுங்கள்.

நல்ல இடங்களுக்குக் குறைவில்லை. ஃபிலடெல்பியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலை 1829-ல் திறந்து 1971-ல் மூடியது. கைதிகளைத் தனிமையில் அடைத்தால் திருந்துவார்கள் என்ற எண்ணத்தில் கட்டிய அந்தப் பிரம்மாண்டக் கோட்டை இடிந்து, மரம் முளைத்துக் கிடந்தது. 1991-ல் அதைக் காப்பாற்ற நிதி திரட்டுவதற்காக ஹாலோவீன் நிகழ்ச்சி ஆரம்பித்தார்கள், அந்த வருமானம் கட்டடத்தைப் பராமரிக்கவும் பகலில் அருங்காட்சியகமாக நடத்தவும் இன்றுவரை உதவுகிறது. என் கருத்தில் முதலில் பகலில் போகவேண்டும், சிறைக் கொட்டடிகளைப் பார்த்து, அமெரிக்கச் சிறைகளைப் பற்றி அங்கே வைத்திருக்கிறதைப் படித்துவிட்டு, அப்புறம் ராத்திரி நிகழ்ச்சி. அங்கே ஆட்கள் உண்மையில் வாடியிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அந்தப் பயமும் வேறு. ஹட்சன் ஆற்றங்கரையில் க்ரோட்டனில் இருக்கிற வான் கோர்ட்லன்ட் மாளிகையில் 2005 முதல் ஆயிரக்கணக்கான பரங்கிகளைக் கையால் செதுக்கி விளக்கேற்றி வைக்கிறார்கள், அதை நடத்துவதும் அந்தப் பகுதியின் பழைய மாளிகைகளைப் பாதுகாக்கிற அமைப்புதான். அது பயமுறுத்தாது, பாட்டி தாத்தாவோடு போகலாம். டிக்கெட் நேரக் கணக்கில் முன்கூட்டியே விற்றுவிடும், செப்டம்பரிலேயே வாங்கிவிடுங்கள்.

சேலம் வேறு விஷயம். நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம். 1692-ல் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டி பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். 1982-ல் ஹாலோவீனை ஒட்டி ஒரு சின்ன விழாவாக ஊர் தொடங்கியது, இப்போது அக்டோபர் மாதத்தில் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். ஊரின் சொந்த மக்கள்தொகை நாற்பத்தைந்தாயிரத்துக்குள்தான். சூனியக்காரித் தொப்பி போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய கல்லறைத் தோட்டத்தை ஒட்டி 1992-ல் திறந்த நினைவிடத்தில் இருபது கல் இருக்கைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், இறந்த தேதி. அங்கே பத்து நிமிஷம் உட்காருங்கள், பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் யாரும் சூனியக்காரர்கள் இல்லை, அக்கம்பக்கத்தாரின் வன்மத்துக்கும் பயத்துக்கும் பலியானவர்கள். கார் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், பாஸ்டன் நார்த் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான்.

பிள்ளைகளின் ஹாலோவீன் பற்றிச் சுருக்கமாக. வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகிற வழக்கம் 1930களில் பரவி, போர்க்காலச் சர்க்கரை ரேஷனில் நின்று, 1947-ல் ரேஷன் முடிந்ததும் பெருகியது. 2007 முதல் கடிகாரத்தை நவம்பர் முதல் ஞாயிறன்றுதான் பின்னுக்குத் தள்ளுகிறார்கள் என்பதால் ஹாலோவீன் மாலை ஒரு மணி நேரம் கூடுதல் வெளிச்சம் கிடைக்கிறது. இப்படி மாற்றவேண்டும் என்று மிட்டாய்க் கம்பெனிகள் பல வருஷம் கேட்டிருந்தன. வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புவது நல்லது, அன்றைக்குப் பெரிய ஆபத்து கார்கள்தான். சைவ வீட்டுப் பிள்ளைகள் என்றால் 'கம்மி' என்கிற மெல்லும் மிட்டாயிலும் மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலும் விலங்குகளிடமிருந்து எடுக்கிற ஜெலட்டின் உண்டு, வீட்டுக்கு வந்ததும் பிரித்து எடுத்துவிடலாம். 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31-ல் வந்தன. வாசலில் அகலும் பரங்கி விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த வீடுகளில், வருகிற பிள்ளைகளுக்கு மிட்டாயோடு சேர்த்து அந்த விளக்கு எதற்கென்றும் நம் பிள்ளைகளே சொல்லிக்கொடுத்தார்கள், பார்க்கவே நன்றாக இருந்தது.

நவம்பர் 1-க்கு அப்புறம் வாசலில் இருக்கிற காயைக் குப்பைப் பையில் போடாதீர்கள், குப்பைமேட்டில் அழுகி மீத்தேன்தான் கிளம்பும். பல ஊர்களில் உரத்துக்காகத் தனியாகச் சேகரிக்கிறார்கள். ஆடு, பன்றி வளர்க்கிற பண்ணைகள் சிலவும் வாங்கிக்கொள்ளும், காய் வாங்கின தோட்டத்திலேயே கேட்டுப் பாருங்கள். மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள், பெயின்ட் அடித்த காயை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.